தாத்தா உன்னிடம் கோபப்படவில்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெங்களூர் பஸ் ஏறும்போது நீ என்னிடம் ஒன்று சொன்னாய். "தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையோன்னு தோணுது பெரியம்மா. நான் ஏதாவது கேட்டா பதிலே சொல்ல மாட்டார், இல்லேன்னா கத்துவார்." நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அம்மாப்பேட்டையில் நம் தெருவே அவரைக் 'கோபக்கார மிலிட்டரி' என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தது. அவர்களும் படிக்கட்டும்.

முதலில், அவர் மிலிட்டரி இல்லை. நேவி. இதைத் திருத்தித் திருத்தி அவருக்கே அலுத்துப்போய்விட்டது. கடலே இல்லாத சேலத்தில் யாருக்கு அந்த வித்தியாசம் தெரியும்?

1966-ல், பதினெட்டு வயதில், தறிக்குழியிலிருந்து எழுந்து போனவர் உன் தாத்தா, எனக்குச் சித்தப்பா. இன்ஜின் வேலை படிக்க லோனாவாலாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சிவாஜிக்கு அனுப்பினார்கள். அது மலை ஊர். "கடலுக்குப் போறேன்னு கிளம்பினவனை ஏற்காடு மாதிரி ஒரு இடத்துல கொண்டுபோய் விட்டாங்க" என்பார். அப்புறம் பம்பாய். அப்புறம் விக்ராந்த்.

விக்ராந்த் என்றால் உனக்கு 2022-ல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புதுக் கப்பல்தான் நினைவுக்கு வரும். இவர் வேலை பார்த்தது 1961-ல் நம் கடற்படைக்கு வந்த பழைய விக்ராந்த், நம்முடைய முதல் விமானம் தாங்கிக் கப்பல். அது நீராவியில் ஓடியது. நான்கு பாய்லர்கள். கப்பலைத் தள்ளுவதும் நீராவிதான், மேல்தளத்திலிருந்து விமானத்தை வீசி எறியும் கேட்டபுல்ட்டை இழுப்பதும் நீராவிதான். அந்த நீராவியை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டோக்கர் வேலை அவருக்கு. இரும்புக் கூண்டுக்குள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, நாலு மணி நேரம் ஒரு வாட்ச், அதாவது ஒரு ஷிப்ட். விமானம் பறப்பதை அவர் பார்த்ததைவிடக் காலடியில் உணர்ந்ததுதான் அதிகம். வாட்ச் முடிந்து மேலே வந்தால்தான் பகலா இரவா என்பதே தெரியும்.

அங்கே சத்தம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். "நம்ம தெருவில இருக்கிற அத்தனை தறியையும் ஒரே அறையில போட்டு, கதவைச் சாத்திட்டு ஓட்டினா எப்படி இருக்கும்?" என்றார். காதில் கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பேச வேண்டுமென்றால் முதலில் தோளைத் தட்ட வேண்டும், அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அவர் நம் எல்லோரிடமும் இறுதிவரை அப்படித்தான் பேசினார். கவனித்திருக்கிறாயா? தட்டிவிட்டுத்தான் கத்துவார்.

1971 பாகிஸ்தான் போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடமே ஒரு பாய்லரில் விரிசல் கண்டுபிடித்திருந்தார்கள். கப்பலின் வேகம் வெகுவாகக் குறைந்துபோனது. விமானம் எழும்ப எதிர்காற்று வேண்டும். காற்று இல்லாத நாளில் கப்பலே ஓடித்தான் அந்தக் காற்றை உண்டாக்க வேண்டும். வேகம் இல்லாத விக்ராந்தைப் போருக்குக் கொண்டுபோகலாமா, துறைமுகத்திலேயே விட்டுவிடலாமா என்று பெரிய அதிகாரிகளுக்குள்ளேயே பேச்சு நடந்தது. கடைசியில் கொண்டுபோனார்கள். மீதி பாய்லர்களை நம்பி, அதாவது சித்தப்பா மாதிரி ஆட்களை நம்பி.

பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடித்தான் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கப்பல் விசாகப்பட்டினத்தில் நிற்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு அதை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார்கள். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. 4-ஆம் தேதி விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் போய் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரைத் தாக்கின. நீராவி நிற்கவில்லை. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும்வரை தாத்தா கீழேதான் இருந்தார். ஊருக்கு வந்தபோது எல்லோரும் "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டார்களாம். "தண்ணி கொதிக்கவெச்சேன்" என்றிருக்கிறார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதைப் பேசவில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை, காஜியைப் பற்றிச் சொன்னார். "எங்களைத் தேடி வந்தவனுங்கதான். ஆனா அதுலயும் என்னை மாதிரி இன்ஜின் பக்கத்துல நின்னவன் இருந்திருப்பான் இல்ல?" கண் கலங்கியிருந்தது.

இருபது வருடம் முடித்து 1986-ல் பெட்டி ஆபீசர் என்ற கடற்படைப் பதவியோடு வெளியே வந்தார். பென்ஷன் வந்தது, போதவில்லை. ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கப் போனார். மறுபடியும் சூடு, மறுபடியும் சத்தம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சத்தத்தில் கெடும் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. காது டாக்டர் ஒருவர் கோடு போட்ட தாளைக் காட்டி எனக்கு விளக்கினார். கீச்சு ஒலிகள்தான் முதலில் போகும். கனத்த ஆண் குரல் ஓரளவு கேட்கும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தேய்ந்துபோகும். பேசுவது கேட்கும், ஆனால் ச, த போன்ற எழுத்துகள் நழுவி, என்ன வார்த்தை என்று பிடிபடாது. போனது திரும்பியும் வராது. உன் அப்பாவுக்குப் பதில் சொன்னவர் உனக்குச் சொல்லாமல் இருந்தது இதனால்தான் கண்ணு. நம் வீட்டிலேயே மிகவும் மெல்லிய குரல் உன்னுடையது. நீ பிறந்தபோதே அந்தக் குரலுக்கான இடம் அவர் காதில் போய்விட்டிருந்தது.

முன்னாள் படைவீரர் பாலிகிளினிக் மூலமாகக் காது மெஷின் கிடைத்தது. போட்டால் தெருவில் போகும் லாரியும் பாத்திரம் விழுவதும் சேர்ந்து மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

அவருக்கு நிம்மதியான இடம் ஏற்காடுதான். மாதம் ஒருமுறையாவது பஸ் ஏறிவிடுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார், தப்பவே தப்பாது. சேர்வராயன் கோயில் குகைக்குள் நாமெல்லாம் தலையை இடித்துக்கொள்ளும் இடத்தில் அவர் சர்ரென்று குனிந்து போவார், கப்பல் பழக்கம். பிறகு லேடீஸ் சீட். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து தொலைநோக்கியில் மேட்டூர் தண்ணீர் தெரியும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்குக் கேட்காது. பார்த்துக்கொண்டே நிற்பார்.

போன சித்திரையில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தபோது என் தோளைத் தட்டினார். கத்தவில்லை. முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். "பாப்பா போன் பண்ணும்போது வீடியோவில பண்ணச் சொல்லு. வாய் அசையறதைப் பார்த்தா எனக்குப் பாதி புரியும். நானே சொன்னா அதுக்குச் சங்கடமா இருக்கும்."

சரி சித்தப்பா என்றேன். நான் உன்னிடம் சொல்லவில்லை. வேலை, கல்யாணம், காட்சி என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போனது. நீ ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாதாரண கால் பண்ணினாய். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்… ம்…" என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். புரட்டாசியில் போய்விட்டார். இதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னித்துக்கொள் என்று கேட்பதற்கு எனக்குத் தைரியம் வர இத்தனை நாளாயிற்று.

அவருடைய தகரப் பெட்டி என் வீட்டில் இருக்கிறது. 71 போருக்காகக் கிடைத்த பூர்வி ஸ்டாரும் சங்ராம் மெடலும் ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருக்கின்றன. காது மெஷினும் அதில்தான். அதன் டப்பாவுக்குள் நீ மூன்றாம் வகுப்பில் அவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறார்: 'தாத்தா, உங்கள் கப்பலில் ஜன்னல் இருந்ததா?' பின்பக்கம் அவர் கையெழுத்தில், பென்சிலில், 'என் அறையில் இல்லை' என்று எழுதியிருக்கிறது. உனக்கு ஏன் கொடுக்காமல் விட்டார் என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்.

உன்
பெரியம்மா