செவலையாக இருந்தால் நாட்டுக்கோழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில், நாட்டுக்கோழி வாங்குவோருக்கு ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். வெள்ளையை ஒதுக்கிவிட்டு, செவலை, கருப்பு, கீரி என்று நிறம் பார்த்துக் குஞ்சு எடுத்தால் ஏமாற மாட்டோம் என்பது அவர் வாதம். போன ஆண்டு தை மாதம் அதே நம்பிக்கையில்தான் நான் 30 குஞ்சுகள் வாங்கினேன். அதனால் இந்தக் கடிதம்.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டம். 27 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேனில் வந்து விற்றவர் கூடையைத் திறந்து காட்டினார். முதுகில் அணில்கோடு போட்டவை, செம்மண் நிறத்தவை, கரிக்கட்டை போன்றவை. “நிறத்தைப் பாருங்கள் அம்மா, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?” என்றார். என் மாமியார் காலத்துக் கோழிகளெல்லாம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. பேரம்கூடப் பேசவில்லை.

ஆறாம் மாதம் முட்டையிடத் தொடங்கின. குறை சொல்ல முடியாது, நன்றாகவே இட்டன. ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. வைக்கோல் பரப்பி, பத்து முட்டைகளை வைத்து, பஞ்சாரம் போட்டு மூடியும் பார்த்தேன். முட்டையை மிதித்து உடைத்ததுதான் மிச்சம். பொழுது சாய்ந்ததும் சிறுவிடை என்கிற என் பழைய நாட்டுக்கோழிகள் வேப்பமரத்துக்குத் தாவி ஏறிக்கொள்ளும். இவை கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது அவர் சிரித்தார். புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கிய கலப்பினம் என்றார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஐதராபாத்தில் உருவான வனராஜா, பெங்களூருவில் உருவான கிரிராஜா போன்றவை எல்லாம் நிறக்கோழிகளே. கிராமத்து மக்கள் வெள்ளைக் கோழியை விரும்ப மாட்டார்கள் என்று தெரிந்தே, நம் கண்ணுக்குப் பழகிய இறகோடு அவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டைகள் இடும் இடத்தில் இவை 100-ஐத் தாண்டும். முட்டைக்காக வளர்ப்பவர்களுக்கு நல்ல கோழிகள்தாம். அவற்றின் பெயரை மறைத்து, நாட்டுக்கோழி விலைக்கு என் தலையில் கட்டினார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இறகின் நிறம் ஒரு மரபு வழியில் வருகிறது. அடைகாக்கும் குணமும் உடல்வாகும் வேறு வழிகளில் வருகின்றன. கருங்கோழி வாங்குவோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கடக்நாத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல், கருப்பு இறகுள்ள குஞ்சுக்கெல்லாம் அந்தப் பெயர் வைத்துவிடுகிறார்கள். கடக்நாத்தின் சிறப்பு தோலிலும் சதையிலும் உள்ள கருமை. வாயைத் திறந்து நாக்கைப் பார்க்காமல் இறகைப் பார்த்து என்ன பயன்? சில்க்கி என்று ஒரு கோழி இருக்கிறது. பஞ்சு போல வெள்ளை இறகு, உள்ளே தோல் கருப்பு.

வெள்ளைக்கும் ஒரு கதை இருக்கிறது. கறிக்கோழியை வெள்ளையாக்கியது, தோலோடு கறி விற்கும் நாடுகளின் தேவை. கருப்பு இறகின் முளைக்குருத்து தோலில் தங்கினால் கறி அழுக்காகத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் பிராய்லரைத் தோலை உரித்துத்தான் பெரும்பாலும் தருகிறார்கள். மஞ்சள் தடவி வாட்டித் தோலோடு தின்பது நாட்டுக்கோழியைத்தான்!

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் தேர்த்திருவிழாவில் என் பேரன் பச்சைச் சாயம் பூசிய குஞ்சு ஒன்றை அடம்பிடித்து வாங்கிவந்தான். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் வேண்டாம் என்பதால் கழித்துவிடும் வெள்ளை லெகார்ன் குஞ்சுகள்தாம் இப்படிச் சாயம் பூசிக்கொண்டு வருகின்றன. இரண்டு நாளில் செத்துவிடும் என்று நினைத்தேன். சாகவில்லை. பச்சை போய், பெரிய கொண்டையோடு வெள்ளைச் சேவலாக நின்றது. என் கருப்புச் சிறுவிடை ஒன்று அதோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. தாய் கன்னங்கரேல் என்றிருக்க, குஞ்சுகள் அத்தனையும் வெள்ளை; அங்கங்கே மட்டும் மை தெறித்தது போலக் கரும்புள்ளி. லெகார்னின் வெள்ளை கருப்பை அமுக்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். பாதி நாட்டு ரத்தம் ஓடினாலும் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் அவை ஒதுக்க வேண்டியவை.

நிறமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருந்து வட்டமிடும்போது கீரி நிறக் குஞ்சு சருகோடு சருகாகப் பதுங்கிவிடும், வெள்ளை தனியாகத் தெரியும். அந்த வெள்ளைக் குஞ்சுகளில் மூன்றைப் பருந்துக்குப் பறிகொடுத்தேன். கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்டால் ஒரு வெள்ளை இறகுகூட இல்லாத கருஞ்சேவலுக்கு அலைய வேண்டும், விலையும் அதிகம். ஆனால் அங்கே ஏமாற்று இல்லை. சாமி நிறத்தைக் கேட்கிறது, நிறத்தைக் கொடுக்கிறோம். இனம் எது என்று சாமி கேட்டதில்லை.

காசு கொடுத்து வாங்குகிற நாம் கேட்கலாம் அல்லவா? தாய்க்கோழி அடையில் உட்காருமா, குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வந்தது, இனத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு ரசீதே தரவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தவறு. குஞ்சு விற்பவர்கள் ரசீதில் இனத்தின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று கால்நடைத் துறை உத்தரவிட்டால் நல்லது. அடுத்த முறை இது பற்றி எழுதும்போது உங்கள் பக்கமும் அதை வலியுறுத்த வேண்டும்.

பருந்துக்குத் தப்பிய அந்த வெள்ளைக் குஞ்சுகளில் ஒன்று இப்போது பெட்டையாகி, வீட்டுத் திண்ணையோரம் 11 சிறுவிடை முட்டைகளோடு அடையில் இருக்கிறது. இன்று 16-ஆம் நாள். கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்துகிறது. நாட்டுக்குஞ்சு வேண்டும் என்று முன்பணம் கொடுக்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், அடையில் இருப்பது வெள்ளைக்கோழி என்று பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.