இரண்டாம் அத்தியாயத்தை யார் சொல்லித்தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தரம் பற்றிய உங்கள் கட்டுரை பழியை எல்லாம் மாணவர்கள் தலையில் கட்டிவிட்டது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் முந்தைய ஆய்வுகளை அலச வேண்டும். அதை எப்படி எழுதுவதென்று அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் யார்? நெறியாளர் ஒரு பழைய ஆய்வேட்டைக் கையில் கொடுத்து, ‘இதே மாதிரி எழுதிக்கொண்டு வா’ என்கிறார். பாடம் அதோடு முடிந்தது.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பற்றிய ஆய்வேடுகள் சிலவற்றை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் திறந்து பாருங்கள். இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்: ‘இன்னார் தம் ஆய்வில் பெண்களின் சேமிப்பு உயர்ந்தது என்கிறார். இன்னார் தம் ஆய்வில் வருமானம் உயர்ந்தது என்கிறார்.’ ஆளுக்கு ஒரு பத்தி, ஆண்டு வரிசை, பக்கம் பக்கமாக. முடிவில், ‘இந்த மாவட்டத்தில் இதுவரை இத்தகைய ஆய்வு நடைபெறவில்லை, எனவே இவ்வாய்வு தேவையாகிறது’ என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கில் ‘ஆய்வு இடைவெளி’க்கு, அதாவது இதுவரை யாரும் ஆராயாத இடத்துக்கு, இன்னும் பல காலம் பஞ்சமில்லை!

இதே பொருளில் வகுப்பில் வைத்து நடத்த அருமையான மூன்று கட்டுரைகள் உண்டு. மூன்றுமே வங்கதேசத்துக் கிராமப் பெண்கள் வாங்கிய சிறுகடனைப் பற்றியவை. மூன்றுமே ‘வேர்ல்டு டெவலப்மெண்ட்’ ஆய்விதழில் வந்தவை. ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் 1996இல் எழுதியது, கடன் பெண் பெயரில் இருந்தாலும் அதில் கணிசமான பகுதி வீட்டு ஆண்களின் பிடியில்தான் இருக்கிறது என்பது. அதே ஆண்டில் ஹாஷமி, ஷூலர், ரைலி மூவரும் சிறுகடன் தரும் கிராமின் வங்கியிலும் பிராக் அமைப்பிலும் சேர்ந்த பெண்களின் அதிகாரம் கூடியிருக்கிறது என்று எழுதினார்கள்.

முதலில் இந்த இரண்டை மட்டும் கொடுத்து, யார் சொல்வது சரி என்று கேட்க வேண்டும். ‘இருவர் கருத்தும் ஏற்கத்தக்கதே’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். விடக் கூடாது. ஒவ்வொருவரும் அந்தப் பெண்களிடம் எதைக் கேட்டார்கள், எதை அளந்தார்கள் என்று தேடச் சொல்ல வேண்டும். முதல் கட்டுரை, கடன் பணத்தைப் பயன்படுத்தியதில் பெண்ணுக்கு எவ்வளவு பிடி இருந்தது என்று பார்க்கிறது. இரண்டாவது எட்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. சந்தைக்கு, மருத்துவமனைக்கு, சினிமாவுக்கு, ஊருக்கு வெளியே போனதுண்டா என்பதுகூட அதில் ஒன்று. ஒன்று பணத்தின் பின்னால் போகிறது, மற்றது பெண்ணின் பின்னால் போகிறது. இதை மாணவர் தானே கண்டுபிடித்த பிறகு, நைலா கபீர் 2001இல் எழுதிய மூன்றாவது கட்டுரையைக் கொடுக்கலாம். இந்த முடிவுகள் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன என்பதையே அவர் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அதே மாணவரை எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பத்தி போய், கேள்விக்கு ஒரு பத்தி வரும். அவருடைய வினாப்பட்டியலும் மாறும். ‘உங்கள் வருமானம் உயர்ந்ததா? ஆம் / இல்லை’ என்பதோடு நிற்காமல், கடன் பணம் யார் கைக்குப் போனது, தவணையை யார் கட்டினார்கள் என்றும் கேட்பார்.

தமிழ்த்துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைப் பாடமாகப் படித்தவர்களும் இப்படிப் பட்டியல் போடுவதுதான் எனக்குப் புரியவில்லை. தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று மரியாதையோடு குறித்து, அவர் கொண்ட பொருளை எடுத்துவைத்து, பொருந்தாத இடத்தில் காரணம் காட்டி மறுத்தவர் சேனாவரையர். மாதிரிக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஒப்புமை, 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. திருட்டைத் தடுக்க வந்த விதி, நல்லதுதான். ஆனால் நடப்பது என்ன? பிறர் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து, ‘உயர்ந்தது’ என்பதை ‘மேம்பட்டது’ என்று மாற்றி ஒப்புமை விழுக்காட்டைக் குறைக்கிறார்கள். இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் செய்துவிடுகிறது. சில சமயம் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. மூலக் கட்டுரையைக் கையில் எடுத்துப் பார்க்காத மாணவருக்கு அது பொய் என்று எப்படித் தெரியும்?

முன்பு முனைவர் பட்டத்துக்கு முன்னால் எம்.ஃபில். என்ற ஆய்வுப் படிப்பு இருந்தது. ஓராண்டில் ஒரு சின்ன ஆய்வேடு எழுதிக் கை பழகும். மானியக் குழுவின் 2022 விதிகள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டன. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் நேராகவே முனைவர் பட்டத்துக்கு வரலாம் என்றும் ஆகிவிட்டது. கை பழக இனி இடம் எங்கே? முதுகலை இரண்டாம் ஆண்டுத் திட்டக் கட்டுரைதான். அங்கே மாணவரை நூறு படிவம் நிரப்ப அலையவிடுவதற்குப் பதிலாக, ஐந்தாறு கட்டுரைகளை முழுதாகப் படித்து, அவற்றுக்கிடையே உள்ள தகராறை எழுதிக் கொடுத்தாலே மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டக் குழுக்கள் முடிவு செய்யலாம்.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களும் ஒன்று செய்யலாம். ‘உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆய்வுகளைச் சொல்லுங்கள்’ என்று முதல் கேள்வியாகக் கேட்கட்டும். ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த ஆய்வேட்டை நெறியாளரே கவனமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்,
திருநெல்வேலி