சார்லட் அம்மாவுக்கு ஒரு ராத்திரி குடுங்க: டப்ளின் சிட்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

டப்ளின் சிட்டி கவுன்சிலுக்கும் பிராம் ஸ்டோக்கர் ஃபெஸ்டிவல் நடத்துற எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த ஊர்ல குடியிருக்கிற ஒரு தமிழ் வாசகி.

டிராகுலா நாவல் எழுதின பிராம் ஸ்டோக்கர் பேர்ல 2012-ல நீங்க ஆரம்பிச்ச இந்த விழா எனக்கு ரொம்பப் பிடிக்கும். அக்டோபர் பேங்க் ஹாலிடே வீக்கெண்ட் வந்தா செயின்ட் பேட்ரிக்ஸ் பார்க்ல பசங்க மூஞ்சில பெயின்ட் அடிச்சிக்கிட்டு ஓடுறதும், கால்வே ஊர்ல இருந்து மக்னஸ்ங்கிற தெருக்கூத்துக் குழு வந்து ராட்சச பொம்மைங்களோட ஊர்வலம் போன வருஷங்கள்ல அந்த ட்ரம்ஸ் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள அதிர்ந்ததும், வேற எந்த ஹாலோவீன்லயும் கிடைக்காது. அதனாலதான் உரிமையோட கேக்குறேன், அடுத்த விழால ஒரு முழு ராத்திரிய பிராமோட அம்மா சார்லட்டுக்குக் குடுங்க.

டிராகுலான்னா உடனே டிரான்சில்வேனியா கோட்டை, ஓநாய்னு போயிடுறோம். ஆனா 1847-ல இதே டப்ளின் கிளான்டார்ஃப்ல பொறந்த பிராம் ஏழு வயசு வரைக்கும் படுத்த படுக்கையா கிடந்த புள்ள, அவருக்குக் கதை சொன்னது அம்மா. அந்தம்மா அயர்லாந்தோட வடமேற்குல இருக்கிற ஸ்லைகோ ஊர்க்காரங்க, 1832 காலராவ சின்னப் பொண்ணா கண்ணால பாத்தவங்க, பின்னாடி மகன் கேட்டதுக்காக அதையெல்லாம் எழுதியே குடுத்திருக்காங்க. அதப் படிச்சா தூக்கம் வராது. ரோட்டோரம் நோய்ல விழுந்த ஒரு வழிப்போக்கன, கிட்ட போகப் பயந்துக்கிட்டு நீளக் கம்பால தள்ளி உயிரோடவே குழிக்குள்ள போட்டு மூடிட்டாங்களாம். இன்னொரு ஆளு ரொம்ப உயரம், சவப்பெட்டி பத்தல, காலை உடைச்சு உள்ள வைக்கலாம்னு சுத்தியலால ஒரு அடி போட்டதும் செத்துட்டாருன்னு நெனச்ச அந்த ஆளு முழிச்சு எந்திரிச்சிட்டாரு. சாகாத பிணம் இந்த நாட்டு மண்ணுலயே இருந்திருக்கு, அது 1897-ல வந்த அந்த நாவலுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சுன்னுதான் நான் நம்புறேன்.

இன்னொன்னும் இருக்கு. 1863-லயே காது கேளாத பிள்ளைங்க படிப்புக்கு அரசாங்கம்தான் செலவு பண்ணனும்னு டப்ளின்ல ஒரு சங்கத்து முன்னாடி வாதாடினவங்க சார்லட். பெண்கள் பொது மேடைல பேசுறதே அபூர்வமா இருந்த காலம் அது! அப்புறம் 1890-ல ஒரு டப்ளின் பேப்பரோட கிறிஸ்துமஸ் இணைப்புல வந்து மறந்தே போன பிராமோட கதை ஒன்னு 2024-ல வெளிய வந்துச்சுல்ல, அத நேஷனல் லைப்ரரில தேடிக் கண்டுபிடிச்சவர் காது கேக்காமப் போயி காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள பொருத்துற கேக்குற கருவி) வச்சிக்கிட்ட ஒரு மருந்தாளுநர், அந்தப் புத்தகத்துல வர்ற காசு பச்சக் குழந்தைங்க காதுகேளாமை ஆராய்ச்சிக்கு சார்லட் பேர்ல இருக்கிற நிதிக்குப் போகுது. அம்மாவும் மகனும் இப்படி திரும்ப ஒன்னு சேந்திருக்காங்க, இத வச்சு விழா எடுக்கலன்னா வேற எத வச்சு எடுப்பீங்க?

அதனால நான் கேக்குறது இதுதான். அந்தக் காலரா எழுத்த ஒரு நல்ல நடிகைய வச்சு முழுசா மேடைல வாசிக்க வைங்க, பக்கத்துலயே காது கேளாத ஒரு கலைஞர் அதே கதைய ஐரிஷ் சைகை மொழில சொல்லட்டும், ஓரமா நின்னு மொழிபெயர்க்கிற மாதிரி வேணாம், ரெண்டு பேருக்கும் சம வெளிச்சம் சம இடம். 2017-லயே அந்த மொழிக்கு சட்டம் போட்டு அங்கீகாரம் குடுத்த நாடு இது. இடம் கில்டேர் ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரியா இருந்தா ரொம்ப நல்லது, கதை கிடைச்சதும் அங்கதான், பிராம் குடியிருந்த 30-ம் நம்பர் வீடும் அதே தெருதான். டிக்கெட் மட்டும் போடாதீங்க ப்ளீஸ், பிள்ளைகுட்டியோட வர்ற குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். ட்ரம்ஸ் குழுவையும் கூப்பிடுங்க, காது கேக்காதவங்களுக்கும் அந்த அதிர்வு போய்ச் சேரும்.

நிகழ்ச்சி நிரல் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஐரிஷ் சைகை மொழி பேசுறவங்கள உக்கார வச்சு ஒரு தடவ கலந்து பேசுங்க, எந்த மேடை எந்த வெளிச்சம் சரியா வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்க விழாவுக்கு வர்ற ஒரு தமிழ் வாசகி