வேதாளத்தை நூலகத்தில் இருக்க விடுங்கள்

பள்ளி நூலகங்களுக்குச் சிறார் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

மாணவர்களோடு அமர்ந்து பல ஆண்டுகளாகக் கதை வாசித்துவரும் ஓர் ஆசிரியையாக இம்மடலை எழுதுகிறேன். பேய், பூதம், இருண்ட காடு, மரணம் ஆகியவை இடம்பெறும் மாயக்கதை நூல்கள் "பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு பட்டியலிலிருந்து நீக்கப்படுவதை அண்மைக் காலமாகப் பார்க்கிறேன். அக்குறிப்பை எழுதுகிறவர்களின் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆயினும் பயத்தைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது புத்தகம்தான் என்று அது எண்ணிக்கொள்கிறது.

பயம் புத்தகத்துக்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. சோறு உண்ண மறுக்கும் இரண்டு வயதுப் பிள்ளையிடம், பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று நாம்தானே சொல்கிறோம்? அந்தப் பூச்சாண்டிக்கு முகமில்லை, வீடில்லை, அவனை வெல்லும் வழியும் இல்லை. பெரியவர்களுக்கு அடங்கிப்போவது ஒன்றே பிள்ளைக்கு விடப்பட்ட வழி. நல்ல மாயக்கதையோ அதே பூச்சாண்டிக்கு ஓர் உருவமும் ஒரு குகையும் ஒரு பலவீனமும் தந்து, அவனைத் தேடிப் போகும் வேலையைப் பிள்ளையின் வயதொத்த ஒருவரிடம் ஒப்படைக்கிறது. வீட்டில் முதலாவதை அனுமதித்துவிட்டு நூலகத்தில் இரண்டாவதைத் தடுப்பது எவ்வகையில் பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

1947-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிறுவர் இதழான அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பீர்கள். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் எத்தனையோ பேருக்கு இன்றும் மறந்திருக்காது. அக்கதையில் என்னை ஈர்ப்பது மன்னனின் நடை. பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடித்துவிடும். பேசினாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். அது தப்பிய ஒவ்வொரு முறையும் அவன் புலம்பாமல் திரும்பிச் சென்று, பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொள்கிறான். தோற்ற இடத்துக்கே மறுபடியும் நடந்து செல்வதுதான் துணிவு என்பதை எந்த நீதிபோதனை வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதாக நான் அறியேன்.

உளவியலும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றிய ஆய்வை 1924-இல் வெளியிட்டார். அவனுக்குப் பிடித்த உணவை அவன் உண்ணும் நேரத்தில் முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, முடிவில் அவனே அதைத் தடவிக்கொடுக்கும் நிலையை எட்டச் செய்தார். புத்தகம் சிகிச்சை ஆகாது. அச்சத்தால் உறக்கமும் உணவும் கெடும் பிள்ளைக்கு மருத்துவர்தான் வேண்டும். ஆனால் பீட்டருக்காக மற்றவர்கள் அளந்த தொலைவை, வாசிக்கும் பிள்ளை தானே அளந்துகொள்கிறது. இருளுக்கு அஞ்சி மாலையில் கொல்லைப்புறம் போகாத என் மாணவி ஒருத்தி, பாதாளத்தில் இறங்கும் சிறுமியின் கதையில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிடுவாள். பிறகு அவளே திறந்தாள். பின்னொரு நாள் தோழிகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். கேட்பவர்களைப் பயமுறுத்தும் குரலில் அவள் வாசித்தபோது, பயம் யார் கையில் இருந்தது என்பதை வகுப்பே கண்டது.

மரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' நாவல் 1973-இல் வெளிவந்தபோது, குழந்தைகளிடம் சாவை இப்படிப் பேசலாமா என்ற விவாதம் அந்நாட்டிலேயே எழுந்தது. நோயுற்ற சிறுவன் கார்ல், தனக்கு முன்பே இறந்துபோன அண்ணனை வேறோர் உலகில் சென்றடைந்து, அங்கே ஒரு கொடுங்கோலனை எதிர்ப்பவர்களோடு சேர்கிறான். அவன் பயம் அங்கும் அவனை விடுவதில்லை. அஞ்சிக்கொண்டேதான் அவன் செய்ய வேண்டியதைச் செய்கிறான். பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். சாவே நுழையாத கதைகளை மட்டும் கொடுத்தால், தங்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய ஒரு வரியைக்கூட அவர்கள் நூலகத்தில் காண மாட்டார்கள்.

அச்சமூட்டும் நூல்கள் அனைத்தையும் வாங்குமாறு நான் கேட்கவில்லை. குரூரத்துக்காகவே எழுதப்பட்டவையும், மந்திரக்கோலின் ஒரே வீச்சில் பயம் மறைந்துவிடுவதாகக் கூறுபவையும், கறுத்த நிறத்தையோ உடற்குறையையோ அரக்கனின் அடையாளமாக்குபவையும் ஒதுக்கப்பட வேண்டியவையே. இவற்றுள் கடைசி வகை, பேயே வராத நீதிக்கதைகளிலும் தடையின்றி நுழைந்துவிடுவதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

எந்த நூலையும் அட்டைப்படத்தையோ பொருளடக்கத்தையோ மட்டும் பார்த்து நீக்காமல், முழுமையாகப் படித்து, நீக்கும் காரணத்தை விரிவாகப் பதிவுசெய்யுங்கள். இறுதி முடிவுக்கு முன் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்கள் சிலரிடம் அந்நூலைக் கொடுத்து, அவர்கள் கருத்தையும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே நீக்கப்பட்ட நூல்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். என் மாணவர்கள் படித்து எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நடுநிலைப்பள்ளி ஆசிரியை