கம்பெனி வீலிலேயே பெரிய டயர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வண்டியை எடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்துகளைக்கூடத் தானே படிக்கிறார், உன்னையும் விசாரித்தார். மகன் வேலையில் சேர்ந்துவிட்டான். வீடு சற்று வெறிச்சென்று இருக்கிறது, ஆனால் அவன் குரலில் இருக்கும் உற்சாகத்தைக் கேட்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. மற்றதை நேரில் பேசலாம். நீ கேட்ட டயர் விஷயத்துக்கு வருகிறேன்.

டயர் தேய்ந்துவிட்டது, இந்த முறை ஒரு அளவு பெரிதாகப் போடலாம் என்று நினைக்கிறாய். அதோடு எட்டரை அங்குல அகலத்தில், வெளியே தள்ளி நிற்கும் புது வீலும் வாங்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். என் பதில் இதுதான்: டயரை மாற்று, வீலைத் தொடாதே. வண்டியோடு வந்த கம்பெனி வீல் எவ்வளவு பெரிய டயரை ஏற்கிறதோ, அதோடு நிறுத்திக்கொள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு வீலில் எல்லாரும் பார்ப்பது விட்டமும் தோற்றமும்தான். வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில், அதாவது வீலை மாட்டும் அச்சு முனையில், உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. வீலின் பின்பக்கத்தில் ‘7ஜே x 16 ஈ.டி. 30’ என்பது போல அச்சிட்டிருப்பார்கள். ஏழு அங்குல அகலம், பதினாறு அங்குல விட்டம், 30 மில்லிமீட்டர் ஆஃப்செட் என்று அர்த்தம். முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் இடமும் டயரின் நடுப்பகுதியும் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் இந்த எண்ணை வைக்கிறார்கள். டயரை வெளியே தள்ளினால் அந்த இடைவெளி கூடும். கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை உதறும். பிரேக் பிடிக்கும்போது சாலையின் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் வண்டி இழுக்கும். வீல் பேரிங் மேல் விழும் சுமையும் கூடும். ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் தட்டைப் போட்டாலும் நடப்பது இதேதான்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. வெளியே தள்ளி நிற்கும் டயர், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பெரிய வளைவில் சுற்றும். அதனால் உள்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மில் உரசாமல் தப்பித்தாலும், முன்னால் பம்பர் ஓரத்திலும் பின்னால் மட்ஃபிளாப்பிலும் போய் இடிக்கும். அப்புறம் ஃபெண்டரை வெட்டு, பம்பரை வெட்டு என்று வேலை நீண்டுகொண்டே போகும். அதே டயர் கம்பெனி வீலில் வெட்டே இல்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நட்டும் கம்பெனியுடையதே போதும். நடு ஓட்டை உன் ஹப்புக்குச் சரியாகப் பொருந்தும், காற்றழுத்த சென்சார் இருந்தால் அதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த வீல் உன் வண்டியின் எடைக்காகவே சோதிக்கப்பட்டது. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். மனித நடமாட்டமே இல்லாத பாதையில், நட்டின் வடிவம் வீலோடு பொருந்தாமல் தளரும் நாளில்தான் அதன் அருமை புரியும்.

சரி, எவ்வளவு பெரிதாகப் போகலாம்? உன்னிடம் இருப்பது 245/75 ஆர்16, ஏழு அங்குல ரிம். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் சைடுவால் (பக்கச்சுவர்) உயரம் எத்தனை சதவீதம் என்பது. 245-இல் 75 சதவீதம் ஏறத்தாழ 184 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி, பதினாறு அங்குலத்துக்கான 406 மி.மீட்டரைக் கூட்டினால் உன் டயரின் உயரம் 774 மி.மீ. இதே கணக்கைப் போட்டால் 265/75 ஆர்16 டயருக்கு 804 மி.மீ., 285/75 ஆர்16 டயருக்கு 834 மி.மீ. வருகிறது.

நீ ஆசைப்படுவது 285 என்று தெரியும். ஆனால் அந்த அளவுக்குப் பொதுவாக ஏற்கப்படும் ரிம் அகலம் ஏழரை முதல் ஒன்பது அங்குலம் வரை. உன் ஏழு அங்குல ரிம்மில் ஏற்றினால் ரிம்மைப் பிடிக்கும் டயரின் வாய் இரண்டும் நெருங்கி, தரையில் படும் ட்ரெட் நடுவில் புடைத்துவிடும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி நெளியும். அதனால் 285 வேண்டாம். 265/75-க்கு ஏழு முதல் எட்டு அங்குலம் வரை போதும், ஆக அது உன் வீலில் உட்காரும்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல விரும்புவது வேறொரு அளவு. 235/85 ஆர்16. உயரம் 806 மி.மீ. அதாவது 265/75-ஐவிட ஒரு மயிரிழை அதிகம், அகலமோ 30 மி.மீ. குறைவு. ஏற்கும் ரிம் ஆறு முதல் ஏழரை அங்குலம், உன் ஏழு அங்குலம் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பல ஆண்டுகள் இதே அளவிலும், இதற்கு முந்தைய 7.50 ஆர்16 அளவிலும்தான் ஓடியது. உயரமான, ஒல்லியான டயர் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கம்பெனி வீலை வைத்துக்கொண்டால் டயரின் அகலம் உள்ளும் புறமும் பாதிப் பாதியாகப் பிரியும். 265 என்றால் உள்பக்கம் 10 மி.மீ. வரை நெருங்கி வரும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாருக்கும் டயருக்கும் இடையே உன் வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தாயா? விரல் நுழையும் அளவுதான் என்றால் 265 அங்கே உரசும். 235 இப்போதுள்ள டயரைவிட ஒல்லி என்பதால் உள்பக்கம் கவலையே இல்லை, உயரத்துக்கு மட்டும் இடம் பார்த்தால் போதும். சேறு மேலாகவும் அடியில் கெட்டியான தரையும் இருக்கும் இடத்தில் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே பிடிமானத்தைத் தேடிப் போகும். ஆழமான மணலில் அகலமான டயருக்குத்தான் சாதகம், அதை மறுக்கமாட்டேன். இருந்தாலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் நீளத்தில்தான் கூடுகிறது. நீளத்தைத் தருவது உயரமும் சைடுவாலும்தான். நீ போகும் பாதைகள் பெரும்பாலும் கல்லும் களிமண்ணும். அதனால்தான் 235 என்கிறேன்.

ஒல்லி ரிம்மில் பெரிய டயர் போடுவது ஏதோ ஒட்டுவேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2018-இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகான் கம்பெனியிலிருந்தே ஏழரை அங்குல ரிம்மில் 285/70 ஆர்17 போட்டுத்தான் வந்தது. அந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலத்தின் கீழ் எல்லையே ஏழரைதான். டயர் ரிம்மைவிடச் சற்றுப் புடைத்து நின்றால் கல் முதலில் ரப்பரில் படும், ரிம் தப்பிக்கும். காற்றைக் குறைத்தாலும் டயரின் வாய் ரிம்மைவிட்டுக் கழல்வது அவ்வளவு எளிதல்ல.

இனி உரசல். டயரை வாங்குவதற்கு முன், அந்த அளவு டயர் போட்ட ஒரு வீலை யாரிடமாவது இரவல் வாங்கு. முன்பக்கம் மாட்டி, சமதரையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார். அது பாதிச் சோதனைதான். மீதிப் பாதிக்கு அந்தச் சக்கரத்தை ஒரு திட்டின் மேல் ஏற்றி, சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப்பை, அதாவது அதற்குமேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையை, தொடும்வரை அமுங்கவிட்டு, மெதுவாக மறுபடியும் ஒடித்துப் பார்க்க வேண்டும். சக்கரக் குழியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் சாக்பீஸ் பூசி வைத்தால் எங்கே தொடுகிறது என்று தெளிவாகத் தெரியும். லைனரின் ஓரம், மட்ஃபிளாப் என்றால் சூடான காற்று ஊதி வளைத்தோ கொஞ்சம் நறுக்கியோ சரிசெய்யலாம். பாடியைச் சேஸியோடு இணைக்கும் மவுன்ட்டில் இடித்தால் வெட்டும் பேச்சு வேண்டாம். காஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை, சற்று மாற்றிச் சக்கரத்தை முன்னால் நகர்த்த முடியுமா என்று வீல் அலைன்மென்ட் செய்பவரிடம் கேள். ஸ்டீயரிங் ஸ்டாப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே நிற்க வைப்பதும் ஒரு வழி, ஆனால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் உரசல் போய்விடும் என்று எழுதியிருந்தாய். வண்டி நிற்கும்போது இடம் தெரியும், உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால் டயரும் பழைய உயரம்வரை மேலே வந்து அதே இடத்தில் இடிக்கும். பம்ப் ஸ்டாப்பையும் நீட்டினால்தான் பலன். ஒரு அளவு மட்டும் ஏறுவதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

பலன் எவ்வளவு என்பதையும் மனதில் வைத்துக்கொள். டயர் 32 மி.மீ. உயர்ந்தால் வண்டி பாதிதான் உயரும், 16 மி.மீ. ஆனால் அச்சின் அடியில், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் அடியில் இடம் கூடுவதற்கு டயரைத் தவிர வேறு எளிய வழி இல்லை. லிஃப்ட் கிட் பாடியை உயர்த்தும், உன் வண்டியின் பின் அச்சை உயர்த்தாது. அந்த 16 மி.மீ. என்னைப் பொறுத்தவரை தங்கம்.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. டயர் 4 சதவீதம் உயர்ந்தால் கியர் விகிதமும் அந்த அளவு தளரும். டிஃபரன்ஷியலின் கியர் விகிதம் 4.10 என்றால் இப்போது 3.94 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும், ஃபோர்வீலின் மெதுவான லோ ரேஞ்ச் கியரில் இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு கொஞ்சம் குறையும். மீட்டர் 100 காட்டும்போது, முன்பு காட்டியது சரியாக இருந்திருந்தால், உண்மை வேகம் 104. ஓடிய தூரமும் அதே விகிதத்தில் குறைவாகக் காட்டும், மைலேஜ் கணக்குப் போடும்போது அதைச் சேர்த்துக்கொள். டயரின் எடையும் கூடுவதால் பிரேக்கைச் சற்று முன்கூட்டியே மிதித்துப் பழகு. பெரிய டயர் போட்ட முதல் சில நாட்கள் நெரிசலில் அவசரப்படாதே, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. 235/85 ஆர்16 பெரும்பாலும் எல்.டி. வகையில்தான் வரும், அதாவது இலகுரக லாரிக்கான கெட்டியான டயர். கார் டயர் தாங்கும் அதே சுமையை இந்த வகை தாங்க அதிகக் காற்று வேண்டும். அதனால் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் பழைய காற்றழுத்த அளவை அப்படியே பின்பற்றாதே. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தமும் உனக்கானதல்ல, அது உச்ச சுமைக்கானது. டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து ஓர் அளவில் தொடங்கு. அப்புறம் ட்ரெட்டின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஆனால் அட்டவணை உன் சுமைக்குச் சொல்லும் அளவுக்குக் கீழே சாலையில் போகாதே. டயர் அளவுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 109 என்றால் ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், 120 என்றால் 1400 கிலோ.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கு. நான்கு பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், பஞ்சரான நாளில் ஃபோர்வீல் போட்டு ஓட்டும்போது டிஃபரன்ஷியலும் முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடிபடும். பெரிய ஸ்டெப்னி அது மாட்டும் இடத்தில் உட்காருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடு. டயரின் தயாரிப்பு எண்ணையும் பார். கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் அளவு மாற்றத்துக்கு உங்கள் ஊர் விதியும் உன் காப்பீடும் இடம் தருகிறதா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள். மாட்டியபின் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கவும் மறக்காதே.

இப்போது நீ எனக்கு எழுத வேண்டியவை: வீலின் பின்பக்க எழுத்துகள், ஆன்டி-ரோல் பாருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி, முன் லைனரின் மிக நெருக்கமான இடம் டயரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. ஒரு போட்டோவும் அனுப்பு. தங்கச்சியிடம் அண்ணன் விசாரித்ததாகச் சொல். அவளும் பின் சீட்டில் உட்கார்ந்து வருபவள், இந்தக் கெட்டியான டயரின் அதிர்வு அவளுக்கும் சம்மதமா என்று கேட்டு எழுது. அவள் வேண்டாம் என்றால் 265/75-இல் மென்மையான ஒன்றைத் தேடித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்