டிக்கிக்குள் பேட்டரி

அன்புள்ள முரளி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பொங்கல் முடிந்தும் பதில் போடாதவன் எழுதுகிறேன். திட்டுவதைச் சேர்த்து வை, கடைசியில் மொத்தமாகத் திட்டலாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சேவியர் சொன்னான். சந்தோஷம்.

விஷயம் அந்தச் சிவப்பு வண்டி பற்றி. "ரெண்டு சீட்டு காரா? பெண்டாட்டியா பிள்ளையான்னு சீட்டு குலுக்கிப் போடுவியா?" என்று கேட்டாயே, அதே 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 தான். அதில் டிக்கி திறக்க உள்ளே லீவர் கிடையாது. சாவி ஒன்றே வழி, இக்னிஷனுக்கும் அதே சாவி. சுதாவைக் கோவென்ட்ரி ஸ்டேஷனில் இறக்கிவிடும்போதெல்லாம் என்ஜினை அணைத்து, சாவியை உருவி, மழையில் பின்னால் ஓட வேண்டும்.

சரி, நாமே ஒரு பட்டன் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். கதவு லாக்குக்குப் போடும் இரண்டு ஒயர் ஆக்சுவேட்டர் (கரண்ட் கொடுத்தால் தண்டை இழுக்கும் சின்ன மோட்டார்), சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் ஒரு ரிலே, 10 ஆம்ப் ஃபியூஸ், ஒரு புஷ் பட்டன், அவ்வளவுதான். இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள்ளேயே வலது மூலையில் இருப்பதால் தடித்த ஒயர் ஒரு முழம் போதும். சீட்டுக்குப் பின்னால் பட்டனுக்கான மெல்லிய ஒயர் மட்டும் போகிறது. கரண்ட் வேலை அரை நாளில் முடிந்தது. படுத்தியது ஆக்சுவேட்டரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட். அதன் தண்டு, டிக்கி மூடியைப் பிடித்திருக்கும் கொக்கியை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தகடுதான் வளைகிறது, கொக்கி அசைய மாட்டேன் என்கிறது. முதல் இரண்டையும் தூக்கிப் போட்டேன். மூன்றாவதைப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் தகட்டில் வெட்டி, ஓரத்தை மடித்து மாட்டினேன். 'டக்'. மூடி ஒரு விரற்கடை எழும்பி நின்றது! சுதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மூணு ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

இனி சிரிக்காமல் படி. பிராக்கெட்டுக்கு இடம் போதாமல், சாவித் துவாரத்திலிருந்து கொக்கிக்குப் போகும் கம்பியைக் கழற்றி வைத்திருந்தேன். பட்டன்தான் இருக்கிறதே என்ற தைரியம். டிசம்பரில் மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி டிக்கிக்குள். டிக்கி திறக்கக் கரண்ட் வேண்டும். ஆமாம், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய அந்த நாலாம் நம்பர் ரூம் கதையேதான். நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

கடைசியில் உன் அப்பாதான் காப்பாற்றினார். "ஒயர் எங்க போகுதுன்னு பாரு, அப்புறம் கை வை" என்பாரே! பேட்டரியின் தடித்த ஒயர் வண்டியின் நீளத்துக்கும் ஓடி, முன்னால் என்ஜின் பக்கத்திலிருக்கும் மெயின் ஃபியூஸில்தான் வந்து முடிகிறது. பானட்டைக் கேபிளால் திறந்து, பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரியிலிருந்து அங்கே ஜம்ப் கொடுத்து, எர்த்தை என்ஜினில் பிடித்து, பத்து நிமிடம் விட்டுப் பட்டனை அழுத்தினேன். திறந்தது. மறுநாளே கம்பியைத் திரும்ப மாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டிருப்பேன். கம்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது மீனு டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்து, "மூடுப்பா" என்றாள். விளையாட்டுதான். என் கையும் மூடியின் மேல்தான் இருந்தது முரளி. அமெரிக்காவில் 1998 கோடையில் மூன்றே வாரத்துக்குள் 11 குழந்தைகள் இப்படி டிக்கிக்குள் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். 2001 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கிற புது வண்டிகளில் டிக்கிக்குள்ளிருந்தே திறக்க வழி இருக்க வேண்டும், அது இருட்டிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் வந்தது. என்னுடையது அதற்குப் பத்து வருஷம் மூத்த வண்டி. குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பட்டனை வைத்து, மூடியை எகிற வைத்தது மட்டும்தான் என் சாதனை.

அன்று ராத்திரியே சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றைக் கொக்கியில் கட்டி, மறுமுனையில் வளையம் போட்டு, இருட்டில் ஒளிரும் டேப் சுற்றி டிக்கிக்குள் தொங்கவிட்டேன். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. நானே உள்ளே படுத்து, சுதாவை மூடச் சொல்லி, இழுத்துப் பார்த்தேன். திறந்தது. உடனே மூடிவிட்டாள் ராட்சசி, இரண்டாவது தடவையும் இழுக்க வேண்டியதாயிற்று.

ஜூனில் நீ வரும்போது ஒயர் முனையில் கிளிப்பை நசுக்கிப் பொருத்தும் அப்பாவின் கிரிம்பிங் பிளையரை மறக்காமல் கொண்டு வா. இங்கே வாங்கியதில் அழுத்தினால் ஒயர் அப்படியே உருவிக்கொண்டு வருகிறது. பெட்டி சின்னதாக இருக்கட்டும், டிக்கியில் இடம் கிடையாது.

உன்,
பாஸ்கர்