நாலு சொட்டு போதும், அப்பா

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த ஊர் வெயில் நம் வேலூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. கடல் பக்கம் என்பதால் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. போன ஞாயிறு பியர்லாண்ட் மீனாட்சி கோவிலில் உங்கள் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்தோம்.

"பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு என்னடா எண்ணெய் போடுறீங்க?" என்று போனில் கேட்டீர்கள். ஆயுதப்படைக் கிடங்கில் அத்தனை வருஷம் 303 ரைஃபிளைப் பராமரித்தவர் கேட்கும்போது அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு சுடும் பயிற்சிக் கூடத்தின் பின்பக்கப் பட்டறையில். வாடகைக்குக் கொடுத்துத் திரும்பும் பிஸ்டல்களைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என் பொறுப்பு. கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்த வேலைக்கே போக முடிந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே இங்கத்திய மத்திய சட்டம் விடாது.

என் மேசைக்கு அதிகம் வருவது கிளாக். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட 9 மி.மீ. பிஸ்டல். பிடியும் அடிச்சட்டமும் நைலான் வகைப் பாலிமர். அதற்கு எண்ணெயே வேண்டாம்; துருப்பிடிக்காது, துடைத்தால் போதும். ஆனால் சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு எஃகு, குழல் எஃகு, ஸ்லைடு சறுக்கும் நாலு சிறு தண்டவாளங்களும் பாலிமருக்குள் பதித்த எஃகு. எஃகும் எஃகும் உரசும் இடத்துக்கு மட்டும்தான் எண்ணெய்.

குழலின் வெளிப்புறத்தில், ஸ்லைடுக்குள் அது உரசும் இடங்களில் மெல்லப் பூசினால் போதும். ஸ்லைடின் பள்ளங்களில் ஆளுக்கொரு சொட்டு. அப்புறம் முக்கியமான ஒன்று: டிரிக்கரிலிருந்து பின்னால் ஓடும் பட்டை, கனெக்டர் என்ற சின்னத் தகட்டைத் தொடும் மூலையில் ஒரே ஒரு சொட்டு. அது வறண்டால் டிரிக்கர் கனத்துப்போகும், உலோகமும் தேயும். புதுத் துப்பாக்கியில் செம்பு நிறத்தில் கம்பெனி தடவி அனுப்பும் கிரீஸைத் துடைக்கவே கூடாது.

நீங்கள் எண்ணெய் மினுக்கக் கிடங்கில் அடுக்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. சுடும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் இறங்கினால், கரியும் பித்தளைத் தூளும் சேர்ந்து சேறாகிவிடும். ஊசி வேகம் இழந்து, தோட்டாவின் அடியில் லேசாகத் தட்டிவிட்டு நின்றுவிடும். "டிரிக்கர் அழுத்தினால் வெடிக்கவில்லை" என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவருவதில் பல துப்பாக்கிகளுக்கு வியாதி இதுதான். இடுப்பில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். துணிப் பஞ்செல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது.

குழலுக்குள் இருக்கும் கரிக்கு ஹோப்பிஸ் நம்பர் 9 என்ற பழைய சால்வென்ட் (கரி கரைக்கும் திரவம்), வெண்கலப் பிரஷ், கடைசியில் துணி. நீங்கள் புல்த்ரூ கயிற்றில் ஃபிளானல் கட்டி இழுத்த அதே வேலைதான். சால்வென்டை ஊற்றி ஊறவைத்துவிட்டுப் போகக்கூடாது. வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எனக்குப் பிடித்தது பாலிஸ்டால்: 1904-ல் ஜெர்மானியர் ராணுவத்துக்காகச் செய்த எண்ணெய். உலோகம், மரம், தோல் எல்லாவற்றுக்கும் ஆகும், பாலிமரையும் கெடுக்காது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டச் செய்த சரக்கு. ஸ்லைடு ஓடும் வேகத்துக்கு அதன் படலம் நிற்காது. சிலர் கார் பிரேக் கழுவும் ஸ்பிரேயை அடிக்கிறார்கள். நைலான் சட்டம் அதைத் தாங்கலாம். குறிபார்க்கும் பிளாஸ்டிக் துண்டு, ரப்பர் பிடி, பெயின்ட் எல்லாம் தாங்காது. நான் தொடவே விடமாட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா தேங்காய் எண்ணெய் ஆகுமா என்று கேட்டாராம். ஆகாது என்று சொல்லுங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் பட்டறை ஏசியே அதைவிடக் குளிர்.

303 சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றுவோம் என்பீர்களே, அதன் காரணம் எனக்கு இங்கு வந்துதான் விளங்கியது. அந்தக் காலத் தோட்டாவின் பிரைமர், அதாவது ஊசி தட்டியதும் பற்றிக்கொள்ளும் மருந்து, ஒருவித உப்பை விட்டுப் போகும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். இப்போதைய பிரைமரில் அந்த உப்பு இல்லை, ஆனால் ஈயம் இருக்கிறது. குழலுக்கு ஆபத்து போய்த் துடைக்கிற ஆளுக்கு ஆபத்து வந்துவிட்டது. கையுறை போட்டுக்கொள்கிறேன், முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவுகிறேன், வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்குவதில்லை. இந்த விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று. கிளாக்கைக் கழற்ற, முதலில் டிரிக்கரை அழுத்தியாக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா மறந்திருந்தால் அப்போதே வெடித்துவிடும்; இந்த நாட்டில் அப்படிக் காயப்பட்டவர்கள் உண்டு. அதனால் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் டிரிக்கரைத் தொடுவேன். என் மேசை இருக்கும் அறைக்குள் தோட்டாவே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எனக்கு ஒன்று எழுத வேண்டும். இங்கே ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். மாதக்கணக்கில் எடுக்காமல் பூட்டி வைக்கும் பழைய ரைஃபிள்களுக்கு என்ன பூசுவது என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். ஐப்பசி மழைக்குக் கிடங்கில் நீங்கள் கனத்த எண்ணெய் பூசினீர்களா, கிரீஸா? திரும்ப வெளியே எடுக்கும்போது அதை எப்படி நீக்கினீர்கள்? விவரமாக எழுதுங்கள். அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்